வீட்டுக்கு வீடு ஒரு பிரதி
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனையும் வள்ளுவரையும் பற்றிக் கற்றறிந்தோர் பேசக் கேட்டு மகிழ்ந்து வந்திருக்கிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பார்சல் ஆபீசில் பேரேடு எழுதிக் காலம் கழிக்கும் நம்மைப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தபோது முதலில் தயங்கினோம். கொடுத்த தலைப்போ, காணொளிகளைப் பலர் கூடிச் சேமித்துப் பலர் கூடி வழங்குவது எப்படி என்பது. இலக்கிய மேடைக்கு இது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், நம் சங்கத்தின் 11 ஆண்டு விழாக் காணொளிகளும் இணையத்திலிருந்து ஒருசேர மறைந்தன. அவற்றை ஒரு பெரிய நிறுவனத்தின் இலவசத் தளத்தில் வைத்திருந்தோம். முன்னாள் செயலாளர் ஒருவரின் கைப்பேசி எண்ணைக் கொண்டு தொடங்கிய கணக்கு அது. அவர் மாற்றலாகிச் சென்றார், எண் மாறிற்று, வந்த எச்சரிக்கைக் கடிதங்களைப் படிப்பார் இல்லை. கணக்கு மூடப்பட்டது. முறையிட்டோம், இயந்திரம் எழுதிய இரண்டு வரி விடை வந்தது.

ஆட்டமும் பாட்டும் போனால் மறுபடி ஆடலாம், பாடலாம். ஆனால் 26 ஆண்டுகள் இன்ஸ்டிட்யூட் மண்டபத்தின் பின்னறையில் நம் குழந்தைகளுக்கு அகரம் எழுதக் கற்பித்த தமிழ் வகுப்புப் பெரியவர், தாம் மறைவதற்கு முந்திய விழாவில் 40 நிமிடம் ஆற்றிய உரையும் அவற்றோடு போயிற்று. அவர் குரல் வேறெங்கும் முறையாகப் பதிவாகவில்லை.

குற்றம் யாருடையது என்று அன்றிரவு நெடுநேரம் விவாதித்தோம். பிறர் கிடங்கை நம் வீட்டுப் பெட்டி என்று எண்ணியது நம் பிழையே. கிடங்குக்காரர் வாடகை கேட்கவில்லை. ஆகவே ரசீதும் தரவில்லை.

அப்போது நம் காலனி இளைஞர் மூவர் எழுந்து, "ஒருவர் கையில் எல்லாவற்றையும் கொடுப்பானேன்? பலர் கையில் பிரித்து வைப்போம்" என்றனர். அவர்கள் சொன்ன வழி என்ன, அதில் உள்ள இடர்கள் யாவை என்பதையே இன்று எளிய முறையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இம்முறை நேற்று முளைத்ததன்று. 2001ஆம் ஆண்டில் பிராம் கோஹன் என்னும் அமெரிக்கர் பிட்டாரண்ட் என்னும் முறையை வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான் பார்சலில் செல்லும்போது ஒவ்வோர் உருப்படிக்கும் ஓர் எண் இட்டு அனுப்புவதை நீங்கள் அறிவீர்கள். அதுபோலப் பெரிய கோப்பு ஒன்றைப் பல துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முத்திரை எண் கணக்கிட்டு வைக்கின்றனர். துண்டில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை ஒவ்வாது. வாங்குபவர் அதைத் தள்ளிவிடுவார். ஆதலால் முன்பின் அறியாதவரிடமிருந்தும் அஞ்சாமல் வாங்கலாம். மேலும், முழுதும் வந்து சேரும் வரை காத்திராமல், வந்த துண்டுகளை உடனே மற்றவர்க்குக் கொடுக்கத் தொடங்கலாம். முழுப் பிரதியையும் வைத்துக்கொண்டு வழங்குவோரை விதைப்போர் என்று அழைப்பர், நல்ல பெயர்.

இதில் நம்மை மிகவும் கவர்ந்தது ஒரு விதி. எந்தத் துண்டு மிகக் குறைந்தவரிடம் இருக்கிறதோ, அதையே முதலில் வாங்க வேண்டும் என்பது அது. எல்லாரிடமும் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் பெறலாம். ஒருவரிடம் மட்டும் இருப்பதை அவர் போவதற்குள் பெற்றுவிட வேண்டும். இதன் பொருளைப் பின்னர் காண்போம்.

பிரான்சு நாட்டில் பிராமாசாஃப்ட் என்னும் இலாப நோக்கற்ற சங்கம் ஒன்று உளது. அச்சங்கத்தார் பியர்டியூப் என்னும் மென்பொருளின் முதற் பதிப்பை 2018 அக்டோபரில் வெளியிட்டனர். இதைக் கொண்டு எந்தச் சங்கமும், எந்தப் பள்ளியும் தனக்கென ஒரு காணொளி நிலையம் அமைக்கலாம். இந்நிலையங்கள் ஆக்டிவிட்டிபப் என்னும் பொது மரபினால் ஒன்றோடொன்று உரையாடும். ஒரு நிலையம் மற்றொன்றின் காணொளிக்குப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, வழங்கும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளவும் வழி உண்டு. ஒரே காட்சியைப் பலர் ஒரே நேரத்தில் பார்க்கும்போது, பார்ப்பவர்களே தம்முள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வர்.

கேட்பதற்கு இனிக்கிறது. நம் இளைஞர்களும் செயலாளர் வீட்டில் ஒரு சிறு கணினியை வைத்து இதை நடத்திப் பார்த்தனர். நடத்திய பின்னரே இடர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

முதலாவது, சேமிக்கும் இடம். வினாடிக்கு 5 மெகாபிட் அளவில் பதிவு செய்த காணொளி, ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிகாபைட் ஆகும். நம் விழா 4 மணி நேரம். ஆகவே ஓராண்டுக்கு 9 ஜிகாபைட், 11 ஆண்டுகளுக்கு 99. வேகம் குறைந்த இணைப்பில் பார்ப்பவர்க்காகச் சிறிய அளவுப் பிரதிகளும் செய்து வைக்க வேண்டும். அதனால் கணக்கு இன்னும் ஏறும். மூன்று இடத்தில் வைத்தால் மூன்று மடங்கு. எனினும் கடையில் விற்கும் ஒரு டெராபைட் வட்டு ஒன்றுக்குள் நம் சங்கத்தின் வரலாறு முழுவதும் அடங்கிவிடும். உலகுக்கெல்லாம் வழங்கும் பெரிய தளங்களுக்கு இடம் மலை போன்ற செலவு. நமக்கு அஃது ஒரு பொருட்டன்று.

இரண்டாவது, வழங்கும் வழி. பல வீட்டு இணைப்புகளில் இறக்கும் வேகம் மிகுதி, ஏற்றும் வேகம் குறைவு. ஏற்றும் வேகம் வினாடிக்கு 10 மெகாபிட் என்றால், நாம் முன் சொன்ன காணொளியை ஒரே நேரத்தில் இருவர்க்குத்தான் அனுப்ப முடியும். மூன்றாமவர் வந்தால் மூவர்க்கும் தடைப்படும். இன்னொன்றும் உண்டு. இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குள் அடக்கி வைக்கின்றன. காலனிக்கு வாயில் ஒன்று; கடிதம் வெளியே போகும்; வெளியூர்க்காரர் வந்து இன்னார் வீடு எது என்று கேட்டால் காவலாளிக்குச் சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட இரு வீடுகள் ஒன்றையொன்று நேரே அடைவது கடினம். நடுவே மூன்றாவது ஒரு சர்வர் துணை நிற்க வேண்டும்.

பொங்கலன்று நம் காலனியில் 40 குடும்பத்தார் ஒரே நேரத்தில் அமர்ந்து பழைய விழாவைப் பார்த்தனர். பார்த்தவர்களே தம்முள் கொடுத்து வாங்கியதால் படம் தங்குதடையின்றி ஓடிற்று. இளைஞர்கள் மார்தட்டிக்கொண்டனர். மறுநாள் இரவு தென்காசியிலிருந்து ஓர் அம்மையார், தம் பேரனின் பேச்சைத் தனியே பார்க்க முயன்றார். துண்டு கொடுக்க வேறு ஒருவரும் இல்லை. செயலாளர் வீட்டிலோ மின்வெட்டு. படம் வரவேயில்லை. கூட்டம் கூடினால் வலிமை கூடும்; கூட்டம் கலைந்தால் பழைய ஒற்றைப் பெட்டிதான் மிச்சம். பலரும் விரும்புவது இம்முறையில் நன்றாக வாழும். ஒரு பாட்டிக்கு மட்டும் வேண்டியதே வாடிப்போகும். நம் காணொளிகள் யாவும் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை அல்லவா?

மூன்றாவது, காக்கும் பொறுப்பு. ஐ.பி.எஃப்.எஸ். என்று மற்றொரு முறை 2015இல் வெளிவந்தது. பொருள் இருக்கும் இடத்தை முகவரியாகக் கொள்ளாமல், பொருளின் உள்ளடக்கத்திலிருந்தே முகவரியைக் கணக்கிடுவது அதன் சிறப்பு. எவர் வைத்திருந்தாலும் முகவரி ஒன்றே. ஆனால், "இதை நான் காப்பேன்" என்று யாரேனும் ஒருவர் தம் கணினியில் அதை ஊன்றி வைத்தாலன்றி, இடம் போதாதபோது அது துடைக்கப்பட்டுவிடும். முகவரி நிலைக்கும், பொருள் இராது.

கோயில் அண்டாவில் ஆளுக்கு ஒரு குடம் பால் ஊற்றும்படி அரசன் ஆணையிட, மற்றவர் பால் ஊற்றுவர் என்றெண்ணி ஒவ்வொருவரும் தண்ணீர் ஊற்றிய கதையை நாம் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். யாருக்கும் தனியுரிமை இல்லை என்பது, யாருக்கும் பொறுப்பு இல்லை என்று ஆவதற்கு நெடுநாள் ஆகாது.

அது நமக்கே நேர்ந்தது. பெரியவரின் உரையை மீட்க வீடு வீடாகச் சென்று கைப்பேசிகளைத் தேடினோம். அன்று யாரோ அவ்வுரையை 10 நிமிடத் துண்டுகள் நான்காக்கிக் குழுவில் அனுப்பியிருந்தார். முதல் துண்டு 17 வீடுகளில் கிடைத்தது. இரண்டாவது ஒன்பது வீடுகளில். மூன்றாவது இரண்டே வீடுகளில். நான்காவது ஒரு வீட்டிலும் இல்லை. எல்லாரும் பாதி கேட்டுவிட்டு, மீதி பிறகு பார்ப்போம் என்று விட்டிருக்கிறோம். அரியதை முதலில் வாங்கு என்ற விதி எதற்காக என்று அன்றுதான் விளங்கிற்று. இயந்திரம் எண்ணிப் பார்த்துச் செய்யும் அதை, மனிதராகிய நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

நான்காவது இடர், திரும்பப் பெற இயலாமை. ஒரு தாயார் வந்து, வளர்ந்துவிட்ட தம் மகளின் சிறு வயது நடனத்தை நீக்கிவிடும்படி கேட்டார். நியாயமான வேண்டுகோள். நம் பெட்டியிலிருந்து நீக்கினோம். நீக்குக என்னும் செய்தி மற்ற நிலையங்களுக்கும் செல்லும். ஆயினும் தம் வட்டில் தனியே இறக்கி வைத்துக்கொண்டவரை அது கட்டுப்படுத்தாது. பல கையில் இருப்பதன் பயனும் இதுவே, பயமும் இதுவே. ஆதலால் எதை உலகறிய வைப்பது, எதை நமக்குள் காப்பது என்பதை முன்னதாகவே பெற்றோரைக் கேட்டு முடிவு செய்தல் வேண்டும்.

இவ்விடர்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. நம் பழந்தமிழ் நூல்கள் மடங்களிலும் புலவர் வீடுகளிலும் ஏட்டுப் பிரதிகளாகச் சிதறிக் கிடந்தன. சிதறிக் கிடந்ததனாலேயே சில தப்பின. படி எடுப்பார் இன்மையால் பல செல்லுக்கு இரையாயின. உ.வே.சாமிநாதையர் அவர்கள் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன்னும், பின்னர்ப் பிற நூல்களை அச்சிட்டபோதும், எந்த ஏடு எந்த வீட்டில் உள்ளது என்று அறியவே ஊர் ஊராக அலைந்தார். ஒரு பிரதியில் இல்லாத ஏட்டை மற்றொரு பிரதியில் தேடினார். பிரதி பல இருந்தால் மட்டும் போதாது. எது எங்கே என்ற குறிப்பும், ஆண்டுதோறும் பிரித்துப் பார்க்கும் கையும் வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்குக் காட்டும் பாடம்.

ஆகவே சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒவ்வொரு விழாவுக்கும் முழுப் பிரதிகள் மூன்று இருக்கட்டும்: இரண்டு இக்காலனியில் வெவ்வேறு வீடுகளில், ஒன்று வெளியூரில். எந்த வட்டு யார் வீட்டில், அதில் என்னென்ன, அவற்றின் முத்திரை எண் யாது என்பதைச் சங்கப் பேரேட்டில் எழுதி வைப்போம். ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு மூன்று வட்டுகளையும் கொண்டுவந்து சரிபார்ப்போம். பழுதானதை நல்லதிலிருந்து புதுப்பிப்போம். மாற்றலாகிச் செல்பவர், ஆபீசில் சார்ஜ் ஒப்படைப்பது போல, வட்டையும் கடவுச் சொல்லையும் கையொப்பம் பெற்று ஒப்படைத்துச் செல்லட்டும். உறவினர் பார்க்க வேண்டியதை இளைஞர்களின் நிலையத்திலும் வைப்போம்; வேண்டுமானால் பெரிய தளத்திலும் வைப்போம். அது கடை வீதி. வீட்டுப் பெட்டி வேறு.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வேண்டியது ஒரு பேரேடும், ஆண்டுக்கு ஒரு நாள் உழைப்பும், "இது என் பொறுப்பு" என்று சொல்லும் மூன்று குடும்பங்களுமே. அம்மூன்றில் ஒன்றாக நம் வீட்டின் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இறுதியாக ஒன்று. பெரியவர் உரையின் மூன்றாம் துண்டு, "குழந்தைகளே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்" என்ற சொற்களோடு முடிகிறது. அவர் என்ன கேட்டார் என்பது நான்காம் துண்டில் இருக்கிறது. அன்று இம்மண்டபத்தில் இருந்த நமக்கே அது சரியாக நினைவில்லை. கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறோம். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய கைப்பேசி ஏதேனும் கிடந்தால், தயவுசெய்து அதற்கு மின்னூட்டி ஒரு முறை பாருங்கள். வேற்றூருக்கு மாற்றலாகிச் சென்ற உறவினர்க்கும் எழுதிக் கேளுங்கள். கிடைத்தால், எந்நேரமாயினும் நம் வீட்டுக் கதவைத் தட்டலாம்.