இலாபம் தனி உடைமை! நட்டம் பொது உடைமையா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் முதலாளித்துவமா, சமதர்மமா என்பதாகும். இதைப்பற்றிப் படித்தவர்கள் பெரிய பெரிய புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். அவைகளையெல்லாம் இங்கு அவிழ்த்து வைத்து உங்களைத் தூங்கச் செய்வது நமது எண்ணமல்ல. பலசரக்குக் கடைக்காரன் மாதக் கடைசியில் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று பார்ப்பதுபோல, நாமும் இன்று இரண்டொரு கணக்கைப் பார்ப்போம். பார்த்த பிறகு எது சரி என்று நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

முதலில் முதலாளித்துவக்காரர் சொல்லும் நியாயத்தை அவர்கள் வாயாலேயே கேட்போம். அவர்கள் சொல்லுவதாவது: "முதலாளி தன் பணத்தைத் துணிந்து போடுகிறான். தொழில் கெட்டால் அவன் பணம் போகிறது. ஆகையால் தொழில் பலித்தால் இலாபம் அவனுக்குச் சேருவதுதானே நியாயம்? சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கு என்ன கவலை? போவது அவன் வீட்டுப் பணமா?" என்கிறார்கள். தோழர்களே! இதில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. நட்டத்துக்குத் துணிந்தவனுக்கு இலாபம் என்றால், அதைக் கேட்டவுடன் ஒருவரும் எளிதில் மறுத்துவிட முடியாது. ஆனால் நாம் கேட்பதெல்லாம், இவர்கள் பெரிய இலாபம் அடித்த இடங்களில் உண்மையிலேயே நட்டத்துக்குத் துணிந்தவர் யார் என்பதுதான்.

நமக்குத் தெரிந்த இரயிலையே எடுத்துக்கொள்ளுவோம். 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரையில் முதல் வண்டி ஓடிற்று. அதைப் போட்டது மதறாஸ் ரயில்வே கம்பெனி என்னும் இங்கிலாந்துக் கம்பெனி. "பார்த்தீர்களா, தனி முதலாளிகள் இல்லாவிட்டால் இந்த நாட்டுக்கு இரயில் வந்திருக்குமா?" என்று இன்றும் சிலர் பெருமையாகப் பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கம்பெனிகளுக்கும் சர்க்காருக்கும் இருந்த ஒப்பந்தம் என்ன? 1849-இல் முதல் இரண்டு கம்பெனிகளோடு செய்துகொண்டு, பிறகு மற்றவைகளுக்கும் கொடுத்த ஏற்பாடு இதுதான்: இரயில் பாதைக்கு வேண்டிய நிலத்தைச் சர்க்கார் இனாமாகக் கொடுக்க வேண்டும். பங்குக்காரர் போட்ட பணத்துக்கு, பெரும்பாலும் 100-க்கு 5 வீதம், வருஷா வருஷம் வட்டி கிடைக்கும்படி சர்க்கார் ஜாமீன் நிற்க வேண்டும். இரயில் வருமானம் அதற்குப் போதாவிட்டால் குறையை இந்தியாவின் பொதுப் பணத்திலிருந்து இட்டு நிரப்ப வேண்டும். அதற்கு மேல் வருமானம் வந்தாலோ கம்பெனிக்கும் அதில் பங்கு உண்டு. கம்பெனிக்கு இனி வேண்டாம் என்று தோன்றினால் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து, இரயிலைச் சர்க்கார் தலையில் கட்டிவிட்டுப் போட்ட முதலை வாங்கிக்கொண்டு போகலாம்.

கிராமத்துத் தோழர்களே! உங்களிடம் ஒருவன் வந்து, "உன் நிலத்தைச் சும்மா கொடு. விதைக்கும் உழவுக்கும் நான் பணம் போடுகிறேன். விளைந்தால் எனக்குப் பங்கு. விளையாவிட்டால் நான் போட்ட பணத்துக்கு நீ வட்டி கொடு. எனக்குச் சலிப்பு வந்தால் முதலையும் நீயே திருப்பிக் கொடு" என்று சொன்னால், அவனைத் திண்ணையில் உட்கார வைப்பீர்களா? ஆனால் நம் பாட்டன் பூட்டன்மார் தலையில் இந்த ஒப்பந்தம்தான், அவர்களை ஒரு வார்த்தை கேளாமல், கட்டப்பட்டது.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில் சிக்கனம் எங்கிருந்து வரும்? அதிகம் செலவு செய்தால் அதற்கும் சேர்த்துத்தானே வட்டி! ஆரம்பத்தில் போட்ட மதிப்பைவிட ஏறக்குறைய இருமடங்கு பணம் இரயில் பாதைகளில் செலவாயிற்று. இந்திய சர்க்காரின் பொக்கிஷ மந்திரியாயிருந்த மாசே என்னும் வெள்ளைக்காரரே 1872-இல் பார்லிமெண்ட் கமிட்டியின் முன் சாட்சி சொல்லும்போது, 100-க்கு 5 நிச்சயம் என்றிருக்கும்வரை, பங்குக்காரருக்குத் தங்கள் பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஆனாலும் ஒன்றுதான், ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டாலும் ஒன்றுதான் என்ற கருத்துப்படச் சொன்னார். 19-ஆம் நூற்றாண்டின் முடிவுவரை இரயில்களால் இந்தியப் பொதுப் பணத்துக்கு நேர்ந்த நட்டம் சுமார் 4 கோடிப் பவுன் என்று ரமேஷ் சந்திர தத்தர் கணக்குக் காட்டினார். பவுன் யாருடையது? நிலவரி கட்டிய குடியானவனுடையது. உப்புக்கு வரி கொடுத்த கூலிக்காரனுடையது. வட்டி போன இடம் எது? கிட்டத்தட்ட முழுவதும் இங்கிலாந்து.

இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை நம் சென்னை மாகாணத்திலும் மைசூர், பம்பாய் முதலிய இடங்களிலும் பெரும் பஞ்சம் வந்து, அரைக்கோடிப் பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்தில் கல்லுடைக்கவும் மண் வெட்டவும் வந்த ஜனங்களுக்குக் கொடுக்கும் கூலி அதிகம், சர்க்கார் பணம் விரயமாகிறது என்று, 1877 ஜனவரியில் வைசிராய் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் அதைக் குறைத்தார். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். வேலை செய்யும் மனிதனுக்கு இது போதாது, ஆட்கள் செத்துப் போவார்கள் என்று சென்னை சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதம் கழித்துத்தான் கூலி உயர்ந்தது. பசியால் செத்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு ராத்தலா, ஒன்றே கால் ராத்தலா என்று தராசு பிடித்த அதே சர்க்கார், அதே வருஷங்களில் லண்டன் பங்குக்காரனுக்கு 100-க்கு 5 என்ற ஜாமீனில் ஒரு தம்பிடியாவது குறைத்ததா? இல்லை. அது ஒப்பந்தமாம்! குடியானவன் வயிற்றுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை.

"இரயில் வந்ததால் நன்மையே இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு; நாமும் அதில்தான் ஏறி வருகிறோம். ஆனால் அந்த நன்மைக்கு யார் பணம் கொடுத்தார், யார் பெயர் வாங்கினார் என்பதே கேள்வி. தென்னிந்திய ரயில்வேயைச் சர்க்கார் 1890-இல் விலைக்கு வாங்கியும், நடத்துகிற வேலை கம்பெனியிடமே 1944 வரையில் இருந்தது. 1944-இல் கம்பெனி போய்விட்டது. வண்டி நின்றுவிட்டதா? டிரைவர் அதே டிரைவர். நிலக்கரி போட்டவனும் அதே ஆள். நின்றது கம்பெனிக்குப் போன வரும்படி மட்டுந்தான்.

"அது அந்நியன் ஆட்சி, அந்தக் கதை முடிந்துபோயிற்று" என்று சிலர் சொல்லக்கூடும். சரி, முதலாளித்துவத்துக்குத் தாய்வீடு என்று சொல்லப்படும் அமெரிக்காவுக்கே போவோம். அங்கு அந்நியன் ஆட்சியுமில்லை, ஓட்டுரிமைக்குக் குறைவுமில்லை.

அந்நாட்டின் மேற்குக் கரைக் காடுகளில் யூ என்றொரு மரம் இருக்கிறது. 1962-இல் சர்க்கார் இலாகாவைச் சேர்ந்த ஆட்கள் அதன் பட்டையை எடுத்து வந்தார்கள். சர்க்கார் பணத்தில் வேலை செய்த வால், வானி என்ற இரண்டு ரசாயன சாஸ்திரிகள் அதிலுள்ள சத்தைப் பிரித்து, அது இன்னதென்று 1971-இல் வெளியிட்டார்கள். இதில் வானி நம் இந்தியாவில் பிறந்தவர். சர்க்காரின் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் பல வருஷம் அதைச் சோதித்தது. எல்லாம் முற்றிப் பழுக்கும் சமயத்தில், 1991-இல், பிரிஸ்டல்-மயர்ஸ் ஸ்குவிப் என்ற கம்பெனியோடு சர்க்கார் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1992 டிசம்பரில் டாக்ஸால் என்ற பெயரில் மருந்து விற்பனைக்கு உத்தரவு கிடைத்தது.

இனிக் கணக்கைக் கேளுங்கள். இது அந்நாட்டுச் சட்டசபைக்குத் தணிக்கை பார்த்துச் சொல்லும் இலாகாவே 2003-இல் வெளியிட்ட கணக்கு. 2002 வரையில் இந்த மருந்தைப்பற்றிய ஆராய்ச்சிக்குச் சர்க்காரின் சுகாதார ஸ்தாபனங்கள் செலவிட்டது 48 கோடியே 40 லட்சம் டாலர். கம்பெனி உலகமெங்கும் விற்றது சுமார் 900 கோடி டாலர். சர்க்காருக்குக் கம்பெனி கொடுத்த உரிமைப் பணம் 3 கோடியே 50 லட்சம் டாலர். மெடிகேர் என்ற முதியோர் வைத்தியத் திட்டத்தின் மூலம் இதே மருந்துக்காக 1994 முதல் 1999 வரை சர்க்கார் கொடுத்தது 68 கோடியே 70 லட்சம் டாலர். கம்பெனி தானும் 100 கோடி டாலர் செலவழித்ததாகச் சொல்லிற்று. அதையும் ஒப்புக்கொண்டே கணக்குப் பாருங்கள். கண்டுபிடிக்க ஒருமுறை வரி கொடுத்தவன், வாங்குவதற்கு இன்னொருமுறை வரி கொடுத்தான். நோயாளியாய்ப் படுத்தபோது கைப்பணத்தையும் கொடுத்தான்.

இன்னும் ஒரு வேடிக்கை. 2003-இல் அதே நாட்டில் முதியவர்களுக்கு மாத்திரை மருந்துகளையும் அத்திட்டத்தில் சேர்க்க ஒரு சட்டம் செய்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அதற்குள்ளேயே, சர்க்கார் மருந்துக் கம்பெனிகளோடு விலை பேசித் தலையிடக் கூடாது என்று ஒரு வாசகத்தையும் வைத்தார்கள். சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கும் கிழவிகூட "என்ன விலை? குறைத்துச் சொல்" என்று கேட்கிறாள். கோடிக்கணக்கான பேருக்காக மருந்து வாங்கும் சர்க்கார் மட்டும் வாயைத் திறக்கக் கூடாதாம்! "சர்க்கார் திட்டம் என்றால் செலவு ஏறும், பார்த்தீர்களா?" என்று பிறகு பரிகாசம் செய்தவர்களும் முதலாளிகள் பக்கத்து ஆட்களே. 2022-இல்தான் அந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்திச் சட்டம் வந்து, முதல் பத்து மருந்துகளுக்குப் பேசி முடித்த விலை 2026 முதல் என்று ஏற்பட்டது. பேரம் பேசும் உரிமையைப் பெறவே ஏறத்தாழ இருபது வருஷம்!

மழை பெய்தால் தன் யாகத்தின் மகிமை, பெய்யாவிட்டால் ஜனங்களின் பாவம் என்று சொல்லும் புரோகிதனை உங்களுக்குத் தெரியும். அதுபோலவே, இலாபம் வந்தால் முதலாளியின் சாமர்த்தியம், நட்டம் வந்தால் சர்க்காரின் கையாலாகாத்தனம் என்று சொல்லுகிறார்கள். இரண்டிலும் தட்சிணை ஒரே பக்கம்தான் போகிறது.

ஆகவே நாம் சொல்லுவது, இவர்கள் சமதர்மத்தை எதிர்க்கிறார்கள் என்பதுகூட முழு உண்மையல்ல என்பதாகும். நட்டத்தில் இவர்கள் நம்மைவிடத் தீவிர சமதர்மவாதிகள். நட்டத்தை ஊரில் ஒருவர் விடாமல் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இலாபம் என்று வரும்போதுதான் தனி உடைமையின் புனிதம் ஞாபகத்துக்கு வருகிறது.

இதனால் எதையும் சர்க்கார் கையில் கொடுத்துவிட்டால் சமதர்மம் வந்துவிடும் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ரஷ்யாவில் முதலாளியை ஒழித்தார்கள். ஆனால் ஜனங்கள் கடைவாசலில் வரிசையில் நிற்க, கட்சிப் பெரியவர்களுக்குத் தனிக் கடைகள் இருந்தன. கேள்வி கேட்பவனுக்கு இடமில்லாமல் போன அந்த ஆட்சி 1991-இல் கலைந்தது. பூட்டு மாறினால் போதாது. சாவி யாரிடம் இருக்கிறது, பெட்டியைத் திறந்து பார்க்க நமக்கு உரிமை உண்டா என்பதே முக்கியம்.

செய்ய முடியாத காரியத்தையும் நாம் சொல்லவில்லை. நம் தமிழ்நாட்டிலேயே 1994-இல் சர்க்கார் மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஏற்படுத்தி, அடுத்த வருஷத்திலிருந்து சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் மருந்து வாங்கத் தொடங்கினார்கள். பகிரங்க டெண்டர் வைத்து, விளம்பரப் பெயருக்குப் பணம் கொடுக்காமல் மருந்தின் பொதுப் பெயரில் வாங்கி, வந்த சரக்கை எந்தக் கம்பெனியுடையது என்று காட்டாமல் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்க்கிறார்கள். விற்பவர்கள் தனி முதலாளிகள்தான். அவர்களை யாரும் சிறையில் போடவில்லை. வாங்குகிறவன் கண்ணைத் திறந்துகொண்டு வாங்குகிறான், அவ்வளவுதான். மற்ற மாகாணங்களும் பிறகு இதைப் பார்த்து நடந்தன.

ஆகையால் தோழர்களே! இனி உங்கள் ஊரில் ஒரு பொது வேலையைக் குத்தகைக்கு விட்டால், அது குடிதண்ணீராயினும், குப்பை வாருவதாயினும், பாலத்துக்குச் சுங்கம் வசூலிப்பதாயினும், மூன்று கேள்வி கேளுங்கள். போட்ட பணம் யாருடையது? கெட்டுப்போனால் நட்டம் யாருக்கு? ஒப்பந்தத்தையும் கணக்கையும் நாம் பார்க்கலாமா? பணமும் அவன்தான், நட்டமும் அவனுக்கே, கணக்கும் திறந்திருக்கிறது என்றால் அவன் இலாபத்தைப்பற்றி நமக்குச் சண்டையில்லை. பணமும் நட்டமும் நம்முடையது என்றால், இலாபத்தில் நம் பங்கு எங்கே என்று கேளுங்கள். கேட்பவனைக் "கட்சிக்காரன்", "தொழில் வளர்ச்சிக்கு விரோதி" என்பார்கள். சொல்லட்டும். 1849-இல் அப்படிக் கேட்க நம்மவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்னவென்று இப்பொழுது பார்த்தோம். நமக்கு அந்த உரிமை இருக்கிறது. அதை உபயோகிக்காவிட்டால் குற்றம் முதலாளியுடையது மட்டுமாகாது.