தறியும் பாயும் மடக்குத் திரையும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஒழுங்கைகளின் முனையில் கடல் எட்டிப் பார்க்கும். வலப்பக்கம், வீடுகளுக்கு அப்பால், வயல். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன.

மருதமுனையில் இறங்குவோம். கைத்தறிச் சாறனுக்கும் சேலைக்கும் பேர்போன ஊர் இது. ஒரு காலத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை தறிச் சத்தம் கேட்ட ஊர். 1977க்குப் பிறகு இறக்குமதித் துணி மலிவாக வந்து குவிந்தபோது பல தறிகள் ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மருதமுனையின் கடற்கரைப் பக்கமும் அதில் அழிந்தது. அதற்குப் பிறகும் இங்கே நெசவு நடக்கிறது.

சாறனில் நாம் பார்க்கும் கோடுகள் நெய்யும்போது தோன்றுபவையல்ல. பாவு ஓட்டும்போதே எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எத்தனை இழை என்று முடிவாகிவிடும். ஊடை நூலின் நிறத்தை மாற்ற மாற்றக் கட்டம் விழும். துணி கண்ணால் காணக் கிடைக்கும் முன்பே நெசவாளியின் மனதில் முழுதாக விரிந்திருக்க வேண்டும். இதை வெறும் கைப்பழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

துணியோடு பழகிய கண் என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். டோக்கியோவில் நெசு அருங்காட்சியகம் என்று ஒன்று உண்டு. ஒகாத்தா கோரின் என்ற ஓவியர் தீட்டிய ஒரு சோடி மடக்குத் திரைகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆறு மடிப்பு. பொன் தகடு ஒட்டிய பின்னணியில் நீல ஐரிஸ் பூக்கள், பச்சை இலைகள், வேறொன்றும் இல்லை. உற்றுப் பார்த்தால் சில பூங்கொத்துகள் அச்சு வைத்தாற்போல் திரும்பத் திரும்ப வருவது தெரியும். துணிக்குச் சாயமிடுவோர் கையாளும் முறை அது. கோரின் 1658இல் கியோட்டோவில் கிமோனோத் துணி விற்கும் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். துணிக்கடையில் வளர்ந்த கண்தான் ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற திரைகளில் ஒன்றைப் படைத்தது. மருதமுனை நெசவாளி அதன் முன்னே நின்றால், அந்த வேலை எங்கே தொடங்கியது என்று ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். இன்னொன்று: அந்தத் திரைகளை வலமிருந்து இடமாகப் பார்த்துப் போக வேண்டும். குர்ஆன் மத்ரஸாவில் அப்படியே ஓதிப் பழகிய பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

மடக்குத் திரை, தரையில் உட்கார்ந்து வாழ்ந்த மக்களின் கலை. கோரைப் புல்லால் நெய்த ததாமிப் பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கே அதன் படம் அமையும். விரித்தால் ஓர் அறை உண்டாகும், மடக்கினால் மறைந்துவிடும். நம் கரையோர வீடும் அப்படித்தான் இருந்தது. வெளியே ஆளுயரக் கிடுகு வேலி, உள்ளே வாசலில் திரைச்சீலை, தரையில் பன்பாய். வேலியின் இடத்தில் இப்போது மதில் எழுந்துவிட்டது. பாய் இன்னும் இருக்கிறது.

அந்தப் பாயைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். சதுப்பில் வளரும் பன் என்ற புல்லை அறுத்து, வெயிலில் காயவைத்து, ஒரு பகுதியைச் சாயத்தூள் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஊறவைப்பார்கள். சிவப்பு, பச்சை, ஊதா. இதற்குத் தறி கிடையாது. தரையில் அமர்ந்து, முடிந்த பகுதியைத் தம் உடலின் பாரத்தாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு பெண்கள் விரல்களால் இழைத்துப் போவார்கள். வரைந்து வைத்த மாதிரி எதுவும் முன்னால் இருக்காது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த கணக்கு விரலில் இருக்கும். ஓர் இழை தவறினால் கோலம் முழுவதும் கோணும்; அவிழ்த்துத்தான் திருத்த வேண்டும்.

அப்படி இழைத்த பாயை விருந்தாளிக்கு விரித்துப் போட்டுவிட்டு, அவர் போனதும் சுருட்டி மூலையில் நிறுத்திவிடுகிறோம். கோரினின் பெயரை உலகம் அறியும். பன்பாயின் எந்த ஓரத்திலும் இழைத்தவளின் பெயர் இல்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கல்முனையில் மாநகர சபை இருக்கிறது. நல்ல பாய்கள் சிலவற்றை வாங்கி, நிமிர்ந்து பார்க்கும்படி சுவரில் மாட்டி, கீழே இழைத்தவரின் பெயரையும் ஊரையும் எழுதிவைக்க அதிகப் பணம் வேண்டியதில்லை. இந்த உரையைக் கேட்கும் அதிகாரிகள் யாராவது இருந்தால், பழைய கோலங்கள் தெரிந்த மூதாட்டிகள் இருக்கும்போதே அதைத் தொடங்குங்கள்.