கதவை நோக்கும் கண்கள்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பாட்டும் நாடகமும் கண்டு மகிழ்ந்திருக்கும் உங்களிடம் துயரம் தோய்ந்த பொருளொன்றைப் பேச முற்படுகின்றேன்; பொறுத்தருள வேண்டுகின்றேன். குற்றம் சாட்டப்பெற்றுக் கூர்நோக்கு இல்லத்தில் வாழும் சிறாரின் உள்ளத்தைப் பற்றியது அது.

பிள்ளைகளை முதிர்ந்த குற்றவாளிகளோடு அடைத்தல் தகாது என்னும் எண்ணம் இந்நிலத்துக்குப் புதிதன்று. 1887-இல் செங்கற்பட்டில் சீர்திருத்தப் பள்ளி தோன்றிற்று. 1920-இல் சென்னைச் சிறுவர் சட்டம் பிறந்தது. இந்திய மாகாணங்கள் சிறுவர்க்கென இயற்றிய சட்டங்களுள் அதுவே முதலாவது. அந்நாளில் நம் சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தின் பகுதிகளே. 1953-இல்தான் ஆந்திரத்தோடு சேர்ந்தன.

இன்று நடைமுறையிலுள்ள 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ வைத்தலாகாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் கொணர்தல் வேண்டும். குழுமத்தில் நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அமர்வர்; அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும். சிறுவனின் பெயரையும் படத்தையும் வெளியிடலாகாது.

சட்டம் இவ்வளவும் செய்கிறது. ஆயினும் அவன் உள்ளத்துக்குத் துணை யார்? முதல் இரவில் உறக்கம் வாராது. பகலெல்லாம் முரடனாகத் திரிபவனே இரவில் போர்வைக்குள் விம்முவான். அவனுடைய அச்சமே சினமாக வெளிப்படுகிறது. "எப்போது வீட்டுக்குப் போவேன்?" என்னும் வினாவுக்கு விடை கிடையாமை பெருந்துன்பம். பெற்றோர் வரும் நாளில் கதவையே நோக்கியிருப்பான். வந்தால் நாணித் தலைகுனிவான். வாராவிடின், தன்னைக் கைவிட்டனர் என்றே முடிவு செய்வான்.

மொழியும் அயலாயின் அத்துயர் இருமடங்காகும். சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சவ்வாது மலைப் பக்கத்து ஏழைகள் அழைத்து வரப்படுவதை அறிவோம். 2015 ஏப்ரல் 7-இல் அக்காட்டில் இருபதின்மர் சுடப்பட்டு மாண்டதையும் மறவோம். அவ்வாறு வந்த கூட்டத்தில் ஒரு சிறுவன் பிடிபடின், தெலுங்கில் கேட்கும் வினா அவனுக்கு விளங்காது. அவன் மௌனத்தைப் பிடிவாதமென்று பிறர் கொள்ளவும் கூடும். "சாப்பிட்டாயா, தம்பி?" என்று தமிழில் ஒருவர் கேட்டால் போதும், அவன் கண் கலங்கிவிடும்.

அன்பர்களே, இரு மொழியும் அறிந்தவர் நாம். குழுமத்தின் இசைவு பெற்று மொழிபெயர்த்து உதவலாம். மகனைக் காண ஊரிலிருந்து வரும் தாய்க்கு ஓரிரவு தங்க இடமும் ஒருவேளைச் சோறும் அளிக்கலாம். எல்லாவற்றினும் அரியது மற்றொன்று: நம் காலனியிலேயே ஒரு பிள்ளை அவ்வாறு சென்று திரும்பினால், "ஜெயிலுக்குப் போனவன்" என்று சுட்டாமல், நம் பிள்ளைகளோடு விளையாட விடுதல்.

கதவு ஒருநாள் திறக்கும். அன்று வெளியே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்ததே அவன் எதிர்காலம். அங்கே நாமும் நிற்போமாக!