சிறிய மொழிக்கும் திரை உண்டு
(வில்கமுவக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒல்லாந்தர் நமக்குப் புதியவரல்லர். 1796 வரை இத்தீவின் கரையோரத்தை ஆண்டவர்கள். அவர்களது சட்டம் இன்றும் நம் நீதிமன்றங்களில் வழங்குகிறது. அந்த ஒல்லாந்து, உலகப் போரில் ஐந்தாண்டு ஜெர்மானியரின் பிடியில் நலிந்தது. போர் ஓய்ந்தபின் அங்கே எழுந்தவை சின்னஞ்சிறு செய்திப் படங்கள். பெர்ட் ஹான்ஸ்ட்ரா கால்வாய் நீரில் தெரியும் தம் நாட்டின் நிழலைப் படம் பிடித்தார். 1951இல் கான் விழாவில் அக்குறும்படம் பரிசு பெற்றது. 1956இல் தாய்மொழிப் படங்களுக்கென உற்பத்தி நிதியம் நிறுவப்பட்டது. 1958இல் அவர் எடுத்த 'பன்பார்' படத்தை 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டு களித்தனர். பேசுவோர் தொகை குறைவு என்பதற்காக ஒரு மொழி ஊமையாக வேண்டியதில்லை. கைகொடுப்பார் இருந்தால் போதும்.

ஒல்லாந்தரின் சட்டத்தைக் கைக்கொண்ட நம் நாடு, இந்த நியாயத்தைக் கைக்கொண்டதா?

வரலாற்றைப் பாருங்கள். முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' 1947இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ்.எம்.நாயகம் என்னும் தமிழர். அது உருவானது மதுரையில்! லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' 1960இல் வந்தது, தயாரித்தவர் கே.குணரத்தினம். சிங்களத் திரை வளரத் தமிழர் முதலும் உழைப்பும் ஈந்தனர். அது குறித்து நாம் பெருமையே கொள்கிறோம்.

தமிழ்த் திரையின் நிலை என்ன? 1962இல் 'சமுதாயம்', 1963இல் 'தோட்டக்காரி' என இங்கும் முயற்சிகள் முளைத்தன. மாத்தளை மலைகளில் கொழுந்து பறிக்கும் நம் சகோதரியும் திரைக்கு உரியவள் என்பதைத் தலைப்பிலேயே சாற்றியது பின்னது. ஆயினும் தென்னிந்தியப் படவெள்ளத்தின் முன் அம்முளைகள் நிமிர இயலவில்லை. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் பிறந்தபின் சில படங்கள் வந்தன. 1983 ஜூலையிலோ ஹெந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையம் எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிய கே.வெங்கட் கொலையுண்டார். ஈந்த கைக்குக் கிடைத்த கைம்மாறு இதுவோ?

சிங்களச் சகோதரரிடமிருந்து எதையும் பறிக்க நாம் வரவில்லை. 1987இல் திருத்தப்பட்ட அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை, தமிழும் அரச கரும மொழி என்கிறது. அச்சொல் ஏட்டோடு நின்றுவிடலாமா? திரைக்கு ஒதுக்கும் பொதுப்பணத்தில் தமிழுக்கு நிலையான பங்கு வேண்டும். இது சலுகை அன்று, உரிமை! அதனைக் கேட்போம், ஒன்றுபட்டுக் கேட்போம்!