பிரயாணத்தில் இன்டர்நெட்
(கோலார் தங்கவயலில் அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய உரை)



இன்று நம்மில் பலர் பிள்ளைகள் துணையின்றி, தம்பதியாகவே க்ஷேத்ராடனம் போகிறோம். டிக்கெட், தங்குமிட ரசீது, மருந்துச் சீட்டு எல்லாம் கைபேசிக்குள் இருக்கின்றன. வழியில் இன்டர்நெட் நின்றால் கையில் ஒன்றுமே இல்லாத நிலைதான். அது ஏன் நிற்கிறது, நாம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் இவ்வூர் உதாரணத்தையே சொல்கிறேன். 1965-ல் இங்குள்ள சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் அடையாளத்தைக் கண்டார்கள். மற்ற காஸ்மிக் கதிர்களைப் பாறை வடிகட்டிவிடும். நியூட்ரினோ ஊடுருவி வரும். அதற்காகவே அத்தனை ஆழம் போனார்கள். நம் கைபேசியின் ரேடியோ அலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மலையும் குகைப்பாதையும் அதைத் தடுத்துவிடும். ரயில் பெட்டியின் உலோகத் தகடுகூட அதைப் பலவீனப்படுத்தும்.

இரண்டாவது காரணம் கூட்டம். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், இவ்வூரார் ஆயிரக்கணக்கில் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். மாரிகுப்பத்தில் புறப்படும் ரயில் ஓட ஓட, அத்தனை கைபேசிகளும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரு டவரை விட்டு அடுத்ததைப் பிடிக்கின்றன. சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிந்தும் ஒரு படம்கூடத் திறக்காததற்கு இந்த நெரிசலே பெரும்பாலும் காரணம்.

பெரிய ஸ்டேஷன்களில் ரயில்டெல் நிறுவனத்தின் வைஃபை உண்டு. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கியது. ஆனால் பிளாட்பாரத்தைத் தாண்டினால் அது கூட வராது. பொது வைஃபையில் பாங்க் கணக்கைத் திறக்க வேண்டாம்.

அமெரிக்காவில் வீடு போன்ற வண்டியில் ஊர் சுற்றுவோர், கூரையில் தட்டு பொருத்தி, செயற்கைக்கோள்கள் மூலம் இன்டர்நெட் பெறுகிறார்கள். யாத்திரை வேனில் போகும் நமக்கு டவர்தான் ஆதாரம். ஆகவே சில யோசனைகள்:

1. தம்பதியர் இருவரும் ஒரே கம்பெனி சிம் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று கிடைக்காத இடத்தில் மற்றது கிடைக்கலாம். கிடைக்கும் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் மற்றவருக்கும் உதவும். அந்தப் போனை ஜன்னலோரம் வையுங்கள்.

2. புறப்படுமுன் வீட்டிலேயே வழி வரைபடத்தையும் ரசீதுகளையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். இன்டர்நெட்டில் முன்பதிவு செய்த ரயில் டிக்கெட்டுக்கு எஸ்.எம்.எஸ்.ஸும் அசல் அடையாள அட்டையும் போதும்.

3. மருந்துகளின் பெயர், ரத்தப் பிரிவு, பிள்ளைகளின் போன் நம்பர் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். மயக்கமாக விழுந்தவரின் போனைப் பிறரால் திறக்க முடியாது. காகிதத்தை யாரும் படிக்கலாம்.

4. அவசர உதவிக்கு 112. நம் கம்பெனி டவர் இல்லாத இடத்திலும், வேறு கம்பெனி டவர் இருந்தால் அதன் வழியே இந்த அழைப்பு போகக்கூடியது. இன்டர்நெட் தேவையில்லை.

இந்த நான்கையும் அடுத்த யாத்திரைக்கு முன் செய்துவிடுங்கள்.