படம் நமது, உரிமை யாருடையது?

மட்டாஞ்சேரியில் வாழும் நம் தமிழர் யூதத் தெருவை நன்கறிவர். 1568-இல் எழுப்பிய பரதேசி யூத ஆலயம் அத்தெருவின் கோடியில் நிற்கிறது. 1948-க்குப் பின் அங்கிருந்த குடும்பங்களிற் பெரும்பாலானவை இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தன. மிளகும் சுக்கும் மணந்த பண்டகசாலைகள் பல பழம்பொருட் கடைகளாயின. அத்தகைய கடையொன்றில், பெயரறியாக் குடும்பமொன்றின் பழைய புகைப்படத்தை நாம் விலைகொடுத்து வாங்குவதாகக் கொள்வோம். நமக்குச் சொந்தமாவது யாது? தாளும் மரச்சட்டமுமே. மற்றச் சட்டம் நம் பக்கம் நிற்குமென்று எண்ணிவிடலாகாது.

அப்படத்தை நூலில் அச்சிடுவதும் நகலெடுத்து விற்பதும் பதிப்புரிமையின்பாற் படுவன. மிகப் பழைய படமாயின் அவ்வுரிமை காலங்கடந்து முடிந்திருக்கவும் கூடும். முடியாதிருப்பின், 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணங்கொடுத்துப் படமெடுக்கச் செய்தவரே அதன் முதல் உரிமையாளர்; வேறு உடன்பாடு இல்லாதவரை, படமெடுத்த நிலையத்தார் அல்லர். உரிமையை மற்றொருவருக்கு மாற்றுவதற்கு எழுத்தும் கையொப்பமும் வேண்டும். கடைக்காரர் தரும் ரசீது அதற்குப் போதாது.

இவ்வேறுபாட்டை மறந்தால் என்ன நேருமென்பதற்கு அமெரிக்காவிற் சிகாகோ நகரில் எழுந்த வழக்கொன்று சான்று. விவியன் மேயர் என்னும் அம்மையார் அங்கே பிறர் குழந்தைகளை வளர்க்கும் செவிலியாக இருந்து, ஓய்வு நேரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர். அவற்றை ஊரார்க்குக் காட்டினாரல்லர். கிடங்கு வாடகை செலுத்தப்படாமையால் 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலம் போயின. 2009-இல் அவரும் மறைந்தார். பெட்டியை எடுத்தோர் படங்களை வெளியிட, உலகமே வியந்தது. ஏலத்தில் எடுத்தவருள் ஒருவர் பிரான்சில் அம்மையாரின் உறவினர் ஒருவரைத் தேடிக் கண்டு, உரிமைக்கெனத் தனியே பணமும் கொடுத்திருந்தார். எனினும் வேறோர் உறவினரும் உண்டென்று 2014-இல் வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்றம் ஏறினார். ஏலத்திற் பெட்டி வந்ததேயன்றி உரிமை வரவில்லை என்பதே வழக்கின் சாரம்.

சிகாகோ தொலைவிலுள்ளது, நம் வீட்டுப் பரண் அருகிலுள்ளது. திருநெல்வேலியிலோ கும்பகோணத்திலோ பாட்டனார் எடுத்துக்கொண்ட மணக்கோலப் படம் கொச்சிக்கும் பம்பாய்க்கும் நம்முடன் வந்திருக்கும். ஊரில் அந்நிலையம் மூடப்பட்டு, கண்ணாடித் தகடுகள் எடைக்குப் போயிருக்கவும் கூடும். படத்தின் பின்புறம் எடுத்த ஊர், ஆண்டு, எடுப்பித்தவர் பெயர் ஆகியவற்றை இன்றே பென்சிலால் எழுதிவைக்கலாம். மை தாளின் வழியே ஊறிவிடும். உயில் எழுதுவோர் படங்களையும் அதிற் குறித்தல் நலம். வெளியிடப்படாத படத்தை ஒருவருக்கு எழுதிவைத்தால், மாறான குறிப்பு இல்லாதவரை, எழுதிவைத்தவருக்கிருந்த பதிப்புரிமையும் அவரையே சேருமென்று அச்சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. பாத்திரம் பண்டங்களைப் பாகம் பிரிக்கும்போது படப்பெட்டியைக் கேட்பார் இரார்; பிற்காலத்தில் வழக்குக்கு வருவது அப்பெட்டியாகவும் இருக்கலாம்.