பாற்பாத்திரமும் கிணற்று நீரும்

விடியற்காலையிற் கறந்த பால் வெண்மையும் நன்மணமும் உடையதாக இருக்கின்றது. சேகரிப்பு நிலையத்தை அடைவதற்குள் புளித்துவிட, பாற்காரர் அதனைத் திரும்பக் கொண்டுவருகின்றார். அன்றைய உழைப்பும் வருவாயும் வீணாகின்றன. பசுவுக்கு நோயில்லை, பாத்திரமும் பளபளக்கின்றது. அவ்வாறாயிற் குற்றம் எங்கேயுள்ளது? பாத்திரத்தை இறுதியாக அலம்பிய நீரிலேயே அது இருத்தல் கூடும்.

பால் தானாகவே புளிப்பதென்று முன்னர் பலர் கருதினர். 1878 இல் ஆங்கில மருத்துவ அறிஞர் யோசேப்பு லிஸ்ரர், பாலைப் புளிக்கச்செய்யும் பற்றீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். நலமுள்ள பசுவின் மடியிலுள்ள பாலில் நுண்ணுயிர்கள் மிகச் சிலவே. கறப்பவரின் கை, மடியில் ஒட்டிய சாணம், வாளி, வடிதுணி, கறவைப் பொறியின் இறப்பர்க் குழாய் என்பவற்றின் வழியே ஏனையவை புகுகின்றன. சாணத்தில் வாழும் ஈ. கோலை என்னும் பற்றீரியா, ஏற்ற சூட்டில் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அவ்வாறாயின் ஒன்று, 4 மணி நேரத்தில் 4,000 க்கும் மேலாகிவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தின் கீழிருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளூடாக மலக்குழியின் கசிவும் எருக்குவியலின் ஊறலும் நன்கு வடிகட்டப்படாமலே கிணற்றை அடையக்கூடும். தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று.

பாலைக் காய்ச்சினாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். காய்ச்சுதல் நோய்க்கிருமிகளைக் கொல்லும். புளித்த பாலை மீட்காது. நீரிலிருந்து வரும் சில பற்றீரியாக்கள் உண்டாக்கும் நொதியங்கள் வெப்பத்தையும் தாங்கி நின்று பாலின் சுவையைக் கெடுக்கும்.

ஆதலின், கறவை முடிந்தவுடன் பாத்திரத்தை இளஞ்சூட்டு நீரால் அலம்புதல் வேண்டும். முதலிலேயே கொதிநீர் ஊற்றினாற் பாலின் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்து, கழுவுபொடி கரைத்த சூடான நீரில் தூரிகையால் நன்கு தேய்த்து அலம்பி, இறுதியாகக் கொதிநீராலேனும் உரிய அளவு குளோரீன் கலந்த நீராலேனும் கிருமி நீக்கல் வேண்டும். பாலழுக்கு எஞ்சியிருந்தாற் குளோரீன் வலுவிழக்கும். பின்னர்த் துணியால் துடையாது, தட்டியின்மேற் கவிழ்த்து உலரவிடுக. கிருமி நீக்கிய பாத்திரத்தை மீண்டும் கிணற்று நீரால் அலம்பினால், செய்த வேலையனைத்தும் பயனற்றுப்போகும்.

கிணற்றுக்குக் கட்டும், சுற்றிலும் சீமெந்துத் தளமும், கழிவுநீர் வழிந்தோட வாய்க்காலும் அமைத்து, எருக்குவியலைத் தொலைவில் வைத்தல் நன்று. பாலின் தூய்மை கறவைக்கு முன்பே, கிணற்றடியில் தொடங்குகின்றது.